ஒரு ரேப்பியர் வாங்கும் நாட்குறிப்பு

மார்ச் 2, சனி

என் சேகரிப்பில் இடைக்கால நேர்வாள் ஒன்று, ஸ்காட்லாந்துக் கூடைப்பிடி வாள் ஒன்று, பிரிட்டிஷ் குதிரைப்படையின் 1908 மாதிரி வாள் ஒன்று இருக்கின்றன. எல்லாமே மறுஆக்கம்தான். அசல் வாங்கும் வசதி இருந்தால் லண்டனில் வாடகை வீட்டில் ஏன் இருக்கப்போகிறேன்? நடுவே ஐரோப்பாவின் 16, 17ஆம் நூற்றாண்டுகள் அப்படியே விட்டுப்போயிருக்கின்றன. அந்தக் காலத்துக்கு, குத்துவதற்கென்றே செய்த நீண்ட மெல்லிய நேர்வாளான ரேப்பியரை விட்டால் வேறு வாள் சொல்ல முடியாது. கையில் 500 பவுண்டு இருக்கிறது.

"இன்னொன்றா? தூசி யார் துடைக்கிறது?" என்றாள் மனைவி. நான்தான் துடைக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 3

காலை முழுக்க விற்பனைப் படங்கள். எல்லாரும் பிடியைத்தான் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். அலகு எத்தனை மில்லிமீட்டர் தடிமன், நுனிக்குப் போகப் போக எவ்வளவு மெலிகிறது என்று எழுதுபவர் அரிது. ரேப்பியரின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எவர்சில்வர் வாள்களை முதலிலேயே கழித்துவிட்டேன். வாளுக்குப் பேர்போன ஸ்பெயின் நகரம் டொலேடோ போனவர்கள் வாங்கி வருவார்களே, அந்த ரகம். மாட்டி வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு நீளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு எளிதில் முறியும். பிடிக்குள் போகும் வால் பல சமயம் பற்றவைத்த ஒல்லிக் கம்பியாக இருக்கும். ஆசைக்கு ஒருமுறை வீசிப் பார்த்தால் அலகு எதிர்ச் சுவருக்குப் போய்விடும்.

மார்ச் 9, சனி

வாலஸ் கலெக்‌ஷன் போனேன். பழைய ஆயுதங்கள் உள்ள லண்டன் அருங்காட்சியகம். இலவசம், மழைக்கும் நல்ல இடம். இந்த முறை வாள்களை முன்னிருந்து பார்க்காமல், கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து நின்று அலகின் தடிமனை மட்டும் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் நல்ல கனம். பாதி தூரத்தில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. காவலர் இரண்டு தடவை என் பக்கம் வந்து போனார்.

அப்புறம் பிடியில் கையைக் காக்கும் கம்பி வளையங்கள். அசலில் ஒவ்வொரு கம்பியும் நடுவில் சற்றுப் பருத்து, சேரும் இடத்தில் மெலிந்து வளைகிறது. மலிவான நகல்களில் எல்லாக் கம்பியும் ஒரே பருமன், ஜன்னல் கம்பியை வளைத்து ஒட்டியதைப் போல. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணில் ஏற்றிக்கொண்டால் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

மறுஆக்கம் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்திலேயே ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் தங்கள் அலகுகளில் டொலேடோ கைவினைஞர்களின் பெயர்களைப் பொறித்து விற்றிருக்கிறார்கள்.

மார்ச் 10

சட்டம் சரிபார்த்தாயிற்று. இங்கே அலகு 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள வளைந்த வாள்களுக்குத் தடை, அதிலும் விலக்குகள் உண்டு. ரேப்பியர் நேர்வாள், அதில் சேராது. கொண்டுவருபவரிடம் வயதுச் சான்று காட்ட வேண்டும்.

மார்ச் 16, சனி

பழைய இத்தாலிய வாள்முறை பயிலும் நண்பர் தன் பயிற்சிக்கூடத்துக்கு வரச் சொன்னார். இரண்டு வாள்களை மேசையில் வைத்தார். ஒன்று 1.2 கிலோ, மற்றது 1.3. கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதை, பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் காப்பிலிருந்து 9 செ.மீ. தள்ளி ஒரு விரலில் வைத்தால் சமமாக நின்றது. இரண்டாவதற்கு 16 செ.மீ. வேண்டியிருந்தது.

ஆள்காட்டி விரலைக் குறுக்குக் காப்புக்கு மேலே, கூரில்லாத அலகின் அடியில் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். முதல் வாளின் நுனி நினைத்த இடத்துக்குப் போனது, அங்கேயே நின்றது. இரண்டாவதை நீட்டியதும் நுனி தரையைப் பார்த்து இறங்கியது. ஒரு நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனைப் பார்த்தோம். முதலாவது அடியில் 7 மி.மீ., நுனிப்பக்கம் 2.5. இரண்டாவது அடியிலிருந்து நுனி வரை 4.5. பட்டைத் தகடு, அவ்வளவுதான்.

முதலாவதையே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. ஆனால் அது பயிற்சி வாள். நுனி மழுங்கல், எதிராளியைக் காயப்படுத்தாதபடி வளைகிற அலகு, தடித்த விளிம்பு. விளையாட்டுக்கு அருமை, சேகரிப்புக்கு ஆகாது. அசல் ரேப்பியர் குத்துவதற்கானது, விறைப்பாக இருக்க வேண்டும்.

நீளத்துக்கு நண்பர் காப்போ ஃபெர்ரோவைத் துணைக்கு அழைத்தார். 1610இல் வாள்முறை நூல் வெளியிட்ட இத்தாலிய ஆசான். வாள், கையின் நீளத்தைப் போல் இரு மடங்கு, அதாவது அக்குளிலிருந்து உள்ளங்கால் வரை இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு 122 செ.மீ. வருகிறது. முதலாம் எலிசபெத் 1562இல் அலகு ஒரு கெஜமும் அரைக்கால் கெஜமும் தாண்டக்கூடாது என்று ஆணையிட்டார். அது சுமார் 103 செ.மீ., பிடியையும் சேர்த்தால் 120 பக்கம் வரும். அரசியும் ஆசானும் என் விஷயத்தில் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள்.

மார்ச் 20

ரேப்பியருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி போனில் கேட்டான். ஐரோப்பிய அலகுகள் கப்பலில் இந்தியாவுக்கு வந்து, நம் பிடிகள் பூட்டப்பட்டு, 'ஃபிரங்கி' வாள்களாகப் புழங்கியதைச் சொன்னேன். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் இருப்பதும் ஐரோப்பிய வாளின் அலகுதான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன, போய்ப் பார் என்றேன். இன்று சரக்கு எதிர்த்திசையில் போகிறது. மேற்கே விற்கும் ஐரோப்பிய மறுஆக்க வாள்களில் கணிசமானவை டேராடூனில் செய்தவை.

மார்ச் 24

கையைக் காக்க கிண்ணம் போன்ற தகடு உள்ள கிண்ணக் காப்பா, கம்பி வளையங்கள் உள்ள வளையக் காப்பா? ஒரு வாரமாக இதே யோசனை.

கிண்ணக் காப்பு 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் அழகு. எதிராளியின் வாள்நுனி வழுக்கிக் கையில் ஏறாமல் சிக்கிக்கொள்ளும்படி விளிம்பு வெளிப்புறம் மடங்கியிருக்கும். அசலில் உளியால் பூவேலை செதுக்கியிருப்பார்கள். என் விலைக்குக் கிடைப்பது அச்சில் ஓட்டை குத்திய தகடு.

வளையத்தின் பக்கம்தான் சாய்கிறேன், காரணம் என் சுவரிலேயே இருக்கிறது. இடைக்கால வாளில் வெறும் சிலுவைக் குறுக்கு. பிறகு விரலைக் காப்புக்கு மேலே போட ஆரம்பித்தார்கள். வெளியே நின்ற விரலைக் காக்க ஒரு வளையம், புறங்கைக்கு இன்னொன்று என்று கூடிக்கொண்டே போனது. கூடைப்பிடிக்கும் 1908இன் கிண்ணத்துக்கும் முன்னால் நடந்த அந்தக் கதையை வளையக் காப்பு அப்படியே காட்டும். அலங்காரமில்லாத கம்பிகள், சுமார் 1600 பாணி. மிச்சமாகும் காசு அலகுக்கு.

ஏப்ரல் 2

மூன்று பேருக்கு ஒரே கேள்விகளை அனுப்பியிருந்தேன்: அடி, நடு, நுனித் தடிமன்கள், சமநிலைப் புள்ளி, வால் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒருவர் இன்னும் நான்கு படங்கள் அனுப்பினார், எல்லாம் பிடி. இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. ஒரு சிறு பட்டறைக்காரர் மட்டும் எண்களாகவே எழுதினார்: மொத்தம் 121 செ.மீ., அலகு 104, எடை 1.15 கிலோ, சமநிலை 10 செ.மீ., தடிமன் 7இலிருந்து 2.5 வரை. வால் பிடியின் கடைசியில் உள்ள குமிழைத் துளைத்து மறுபக்கம் வந்து, தட்டிப் பரப்பி அடைக்கப்பட்டிருக்கிறது, மரை நட்டு இல்லை. விலை 540. நாற்பது பவுண்டு கூடுதல், பரவாயில்லை.

முன்பணம் கட்டியாயிற்று, ஐந்து மாதம் ஆகுமாம். பிடிக்கு எஃகுக் கம்பி முறுக்கிச் சுற்றவா, செம்புக் கம்பியா என்று கேட்டிருக்கிறார். எஃகு என்று எழுதிவிட்டேன்.