ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள்

மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை அலசுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருமளவில் அந்தப் பஞ்சில்தான் வாழ்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டால், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நஞ்சான அம்மோனியா அதில் சேர்ந்து, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடித் தவிக்கும். காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையானது. வாரந்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றும்போது, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை மெல்லப் பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் போகத் தேவையில்லை. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை மீன்களைக் குறைவாகவே விடுங்கள். தீனியையும் அளந்தே போடுங்கள்.