ஒத்தெல் லாம்பேர்
பாரிஸில், செய்ன் ஆற்றின் நடுவே புனித லூயி தீவின் கிழக்கு முனையில் நிற்கும் இந்த மாளிகையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 1640களில் கட்டடக் கலைஞர் லூயி லெ வோ கட்டியது. பின்னாளில் வெர்சாய் அரண்மனையை விரிவாக்கியவரும் அவர்தான். 1843இல் போலந்தின் சார்தோரிஸ்கி பிரபுக் குடும்பம் வாங்கியபின், நாடிழந்து வந்த போலந்துக்காரர்களுக்கு இதுவே அரசியல் புகலிடம். இசைமேதை ஷோப்பான் வந்துபோன வீடு!

2013 ஜூலையில், சீரமைப்பு வேலை நடக்கும்போதே கூரையில் தீ. ஓவியர் லெ பிரன் வரைந்த ஹெர்குலிஸ் கூடம் புகையிலும் நீரிலும் சேதமடைந்தாலும் தப்பியது. குளியல் அறையில் லெ சுவேர் தீட்டிய ஓவியங்கள் அடியோடு அழிந்தன. எந்தப் பணத்தாலும் அவற்றை மீட்க முடியாது.

ஆறே ஆண்டுகளில், பக்கத்துத் தீவின் நோத்ரு தாம் பேராலயமும் சீரமைப்பின்போதுதான் எரிந்தது. பழைய கட்டடங்களில் வேலை நடக்கும் நாட்களில்தான் காவல் இரட்டிப்பாக வேண்டும்.