ஒன்பது கண்மாய், ஒரு வரத்துக்கால்: எங்கள் ஊரை வரைபடத்தில் ஏற்றிய அனுபவம்

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. மேலே எட்டுக் கண்மாய்கள். ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். இரண்டு வருடமாக மழைக்குக் குறைவில்லை. மேலக் கண்மாய்களில் கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் கட்டு) தாண்டித் தண்ணீர் போனதை எல்லோரும் பார்த்தோம். எங்களுக்கு மட்டும் முழங்கால் அளவுகூட வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ போகிறது. எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைச் சொன்னார்கள். கண்மாய்ப் பாசன நிலம் உள்ள ஆயக்கட்டுக்காரர்கள் கூடியபோது என் சித்தப்பா, "ஒரு படம் இருந்தா கையை வச்சுக் காட்டலாம்ல" என்றார். மதுரையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். படம் என் பொறுப்பானது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துவரும் வரைபடம் அது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இதன் மேல்தான் ஓடியது. அன்று நானும் என் தோழியின் தெருவைக் குறித்தேன். அப்போதிருந்தே இதன்மேல் எனக்கு ஒரு பிடிப்பு. ஆனால் முக்கியமான காரணம் வேறு. இதில் நாம் வரைந்ததைக் கோடாக, புள்ளியாக, பெயரோடு சேர்த்து அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்ற வரைபடங்கள் பலவற்றில் படத்தைப் பார்க்கலாம், தரவு கைக்கு வராது.

முதலில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஓவர்பாஸ் டர்போ என்ற தளத்தில் ஒரு சதுரத்தைக் காட்டி, 'இதற்குள் இருக்கும் நீர்நிலைகளையெல்லாம் கொடு' என்று கேட்டால் கொடுத்துவிடும். ஒன்பது கண்மாய்களில் ஆறு இருந்தன. பெயர் ஒன்றுக்கு மட்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்றுகூட இல்லை.

கண்மாய்களை வரைவது சுலபம். செயற்கைக்கோள் படத்தில் கரை வில்லாக வளைந்து தெரியும், ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டேன். ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருக்காது என்பதால் 'பருவத்துக்கு மட்டும் நீர்' என்ற குறிப்பையும் சேர்க்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லாப் படத்தையும் பார்த்து வரையக் கூடாது. திருத்தும் கருவிக்குள் பிங், எஸ்ரி என்று அனுமதி பெற்ற படங்கள் பட்டியலாகவே வரும். கூகுள் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகலெடுத்தால் உரிமச் சிக்கல். கண்டுபிடித்தால் வரைந்ததையெல்லாம் அழித்துவிடுவார்கள்.

சிக்கல் வரத்துக்காலில் வந்தது. பாதி தூரம் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் பச்சைத் திட்டு, அவ்வளவுதான். குறுக்குவழி ஒன்று எனக்குத் தோன்றியது. நிலத்தின் உயரம் தெரிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளே கோடு போட்டுக் கொடுக்கும். உயரத் தரவு இலவசம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு கட்டம். இறக்கினேன், ஓட்டினேன், அழகாக ஒரு நீலக்கோடு வந்தது. அதைப் படத்தோடு ஒப்பிட்டு, மறைந்த இடங்களை ஊகித்து, முழு வரத்துக்காலையும் வரைந்து ஏற்றிவிட்டேன்.

அது தவறு. மலைப்பகுதியில் அந்தத் தரவு நன்றாக வேலை செய்யும். எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரி தட்டையான ஊர். ஒரு கண்மாய்க்கும் அடுத்த கண்மாய்க்கும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் வாட்டம். உயரத் தரவின் பிழையே பல மீட்டர் இருக்கும். போதாததற்கு, அடர்ந்த மரம் இருக்கும் இடத்தில் ரேடார் தரைவரை இறங்குவதில்லை. கருவேலக் காட்டின் தலையை மேடு என்று எடுத்துக்கொள்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழியைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும் என்பது விதி. கோட்டின் மேல் அம்புக்குறி அப்படியே வரும். நான் வரைந்ததில் மூன்று துண்டுகளுக்கு அம்பு தலைகீழாக இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது எங்கள் நீர்பாய்ச்சித் தாத்தாவால்.

வரைந்ததை ஏ3 தாளில் அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எழுபது தாண்டியவர். மடை திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் குடும்பம் பார்த்து வந்த வேலை. தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடிபடவில்லை. பிறகு அதைத் திண்ணையில் வைத்து வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினார். இப்போது மேற்கு தலைமாட்டில், வடக்கு வலது கைப்பக்கம். "இப்பச் சொல்லு தாயி" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. மேலக் கண்மாய், கீழக் கண்மாய், மேல மடை, கீழ மடை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே, தாளில் மட்டும் வடக்கை மேலே வைத்திருந்தேன். தாத்தாவுக்குத் தண்ணீர் மேலிருந்து கீழே வர வேண்டும். தாளைத் திருப்பியதும் அவர் விரல் சரசரவென்று ஓடியது. ஐந்தாவது கண்மாய்க்குக் கீழே நின்றது. "இங்கன தண்ணி இப்படிப் போகாது. தெக்கே வளைஞ்சு, பனைமரத்தடியில திரும்பி வரும்."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் நடந்தோம். தாத்தா, சித்தப்பா, நான். கைபேசியில் ஓஸ்ம்ஆண்ட் செயலி தடத்தைப் பதிந்துகொண்டே வந்தது. திறந்த வெளியில் மூன்று, நான்கு மீட்டர் துல்லியம் கிடைத்தது. கருவேலத்துக்குள் நுழைந்தால் தடம் கோணல்மாணலாகிவிடும். அந்த இடங்களில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பதிந்து, இரண்டுக்கும் நடுவில் கோட்டை வரைந்தேன். மடை ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி வைத்தேன். கலுங்கில் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடையில் பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவார்களாம். ஒரு கல்லின் பக்கவாட்டில் விரலால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு கோடு வெட்டியிருந்தது. அதற்கு மேல் அடைக்கக் கூடாது, அடைத்தால் கீழே இருப்பவனுக்கு வஞ்சகம் என்றார் தாத்தா. அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் தொலையும் இடம் இரண்டாவது ஞாயிறு கிடைத்தது. ஆறாவது கண்மாயைத் தாண்டி வரத்துக்கால் ஒரு சாலையைக் கடக்கிறது. சாலையை உயர்த்தியபோது அடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். குழாயின் வாய் வரத்துக்காலின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. சித்தப்பா குச்சி வைத்து அளந்தார், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவுக்குக் கீழே வரும் தண்ணீர் சாலையோரப் பள்ளத்தில் திரும்பி, ஓடையில் விழுந்து போய்விடுகிறது. பெருவெள்ளம் வந்தால்தான் குழாய்க்குள் ஏறும். இரண்டு வருடமாக ஆளுக்கு ஓர் இடம் சொன்னோம், ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தவறான கோடுகளை நீக்கி, தடத்தை வைத்துப் புதிதாக வரைந்தேன். ஜே.ஓ.எஸ்.எம். என்ற கருவியில் கோட்டைத் தேர்ந்து ஆர் விசையைத் தட்டினால் அம்பு திரும்பிவிடும். ஏற்றும் முன் அதன் சரிபார்ப்பை ஓட்டினால், எங்காவது கோடு ஒட்டாமல் விட்டிருந்தால் 'இணையாத நீர்வழி' என்று காட்டும். எனக்கு நான்கு இடத்தில் காட்டியது.

வருவாய்த் துறையின் புல வரைபடங்களும் கையில் இருந்தன. அவற்றில் வாய்க்கால் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று தெளிவாக இருக்கும், மனு எழுத அதுதான் ஆதாரம். ஆனால் அதைத் திறந்த வரைபடத்தில் நகலெடுக்க உரிமம் இருக்கிறதா என்று எனக்கு உறுதிப்படவில்லை. அதனால் ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாங்கள் நடந்ததை மட்டும் ஏற்றினேன்.

தமிழ்ப் பெயர்களால் ஒரு முழு இரவு போனது. நண்பர் ஒருவர் கேட்டதால் தரவை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் சேமித்தேன். திறந்து பார்த்தால் 'பெரிய கண்மாய்' என்பது 'பெரிய கண்ம' என்று நின்றது. பெயர்ப் பத்திக்கு 30 என்று அகலம் கொடுத்திருந்தேன். அந்த 30 எழுத்துக் கணக்கு இல்லை, கணினி சேமிக்கும் அளவான பைட் கணக்கு. தமிழில் க, ண, மேலே வைக்கும் புள்ளி, துணைக்கால் ஒவ்வொன்றும் மூன்று பைட். 'பெரிய கண்மாய்' முழுசாக வர 37 வேண்டும். தமிழில் பெயர் வைத்து வேலை செய்பவர்கள் ஷேப்ஃபைலை விட்டுவிட்டு ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு வந்துவிடுங்கள். ஒரே கோப்பு, பெயர் வெட்டுப்படாது.

கூட்டத்துக்கு ஒரு சான்றும் தேவைப்பட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வருகின்றன. 10 மீட்டர் துல்லியம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிவிட்டதால் ஜனவரிப் படம் ஒன்றுதான் தெளிவாகக் கிடைத்தது. பச்சை ஒளிப்பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் தனியாகத் தெரியும். மேலே ஆறு கண்மாய்களில் தண்ணீர், கீழே மூன்றும் காய்ந்த நிறம். கருவேலத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது என்பதால், மேலே தெரிந்ததைவிட அதிகமே இருந்திருக்கும் என்றும் கூட்டத்தில் சொன்னேன்.

கடைசிப் படத்தை க்யூஜிஐஎஸ் அச்சு அமைப்பில் சுழற்சி கொடுத்து, மேற்கை மேலே வைத்து எடுத்தேன். ஃபிளெக்ஸ் கடையில் ஆறுக்கு நாலு அடியில் அடித்து, கோயில் மண்டபத்துத் தூணில் கட்டினோம். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அத்தை எழுந்து வந்து, ஏழாவது கண்மாய்க்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க ஊருணி ஒண்ணு இருக்கே, குடிதண்ணி எடுப்போமே, விட்டுட்டியே" என்றார். அன்றிரவே சேர்த்தேன்.

குழாய் இன்னும் மாறவில்லை. புல வரைபடம், எங்கள் படம், சித்தப்பா குச்சி வைத்து அளந்த புகைப்படம் மூன்றையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். சாலையோரப் பள்ளத்தின் வாயில் மட்டும் ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் முதல் தண்ணீர் இறங்கும்போது ஆறாவது கண்மாயிலிருந்து அதன் கூடவே நடப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். தாத்தா குடையும் தடியும் எடுத்து வைத்துவிட்டார்.