வாளியில் காய்கறி: வேலை சுலபம், இழுத்தடித்தது வேறு

வருமானம் குறைந்த குடும்பங்கள் வசிக்கும் அடுக்குமாடி ஒன்றில், வாளிகளில் காய்கறி வளர்க்கும் ஏற்பாடு ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. துளை போடுவது, விதைப்பது, நாற்று நடுவது எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. அதற்கு முன்னும் பின்னும் வந்தவைதான் பாடாய்ப் படுத்தின. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கட்டட நிர்வாக அலுவலகம் முதலில் வாய்வார்த்தையாகச் சரி என்றது. விண்ணப்பம் கொண்டுபோனால் எடை விவரம் இல்லை என்று திருப்பினார்கள். அதைச் சேர்த்துக் கொண்டுபோனால் தண்ணீர் எங்கே வடியும் என்று வரைபடம் கேட்டார்கள். அதுவும் தயாரானபோது கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே நடையில் முடிந்திருக்கும். அவர்கள் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். எடை, வாளிகள் இருக்கும் இடம், வடிகால், கொசுத் தடுப்பு நான்கையும் ஒரே கோப்பில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.

எடை பற்றிய கேள்வி மட்டும் முழுக்க நியாயமானது. தென்னைநார்க் கழிவும் மக்கிய உரமும் கலந்த 20 லிட்டர் வாளி, நனைந்த நிலையில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ இருக்கும். அதே வாளியில் தோட்டத்து மண்ணை நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். வரைபடத்தில் வாளிகளைச் சுவரோரமும் தூண் அருகிலும் காட்டுங்கள். தளத்தின் நடுவில் குவிக்க வேண்டாம். அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்தாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான இடத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும்.

அடுத்த தலைவலி நன்கொடை. பெயின்ட் வாளி, பூச்சிமருந்து டப்பா எல்லாம் வந்து இறங்கின. ஏழைகளுக்குத்தானே, எதைக் கொடுத்தாலும் ஆகும் என்ற நினைப்பு எரிச்சலூட்டுகிறது. அவர்கள் சாப்பிடப்போவது அதில் விளைவதைத்தான். உணவுப்பொருள் இருந்த வாளிகளை மட்டும் எடுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருப்பது நல்லது. ஆனால் அது பிளாஸ்டிக் வகையைத்தான் சொல்லும், உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. அது தெரியாத வாளியைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இலவசமாக வந்த உரத்தையும் அப்படியே நம்பக்கூடாது. நன்றாக மக்கியது என்று சொல்லிக் கொட்டிவிட்டுப் போன குவியலுக்குள் கையை விட்டால் சூடு, மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை. அரைகுறையாக மக்கிய உரத்தில் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். அமோனியா வேரைச் சுடும். ஒரு பிடி உரத்தை ஈரமாக்கிப் பாலித்தீன் பையில் மூன்று நாள் கட்டிவைத்துத் திறந்து பாருங்கள். மண்வாசம் வந்தால் சரி, நாற்றம் வந்தால் இன்னும் மக்க விடவேண்டும். எரு கலந்திருந்தால் சில பீன்ஸ் விதைகளை அதில் போட்டு இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். இலை கிண்ணம்போல் சுருண்டால், மாடு தின்ற புல்லில் அடித்த களைக்கொல்லி எருவில் தங்கியிருக்கக்கூடும். இந்தச் சோதனையால்தான் மற்ற வாளிகள் தப்பின.

கலவை: கழுவிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு. எடை கூடாது என்றால் மணலுக்குப் பதில் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகள். நார்க் கழிவில் உப்பு இருக்கும். வடியும் நீரின் கருநிறம் வெளிறும்வரை அலசுங்கள். அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தவறு. கல்லுக்கு மேலேயே நீர் தங்கி, வேருக்குள்ள இடம்தான் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தண்ணீர். வெயில் காலத்தில் காய் பிடித்த தக்காளிச் செடி ஒன்று ஒரு நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். குழாய் கீழே, செடி மேலே என்றால் முழங்கால் வலியுள்ள பெரியவர் எத்தனை நாள் சுமப்பார்? ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும் இரட்டை வாளிதான் இதற்கு வழி. உள் வாளியின் அடியில் வட்டமாக வெட்டி, பக்கமெல்லாம் துளையிட்ட சிறு கோப்பையைத் தொங்கவிட்டு, அதில் கலவையை அழுத்தி நிரப்புங்கள். கோப்பை வெளி வாளியின் நீரைத் தொட்டு ஈரத்தை மேலே இழுக்கும். ஓரத்தில் நீர் ஊற்ற ஒரு குழாய். வெளி வாளியில், உள் வாளியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வழிதுளை கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு பெருமழையிலேயே வேர் அழுகும். குழாய் வாய்க்கும் வழிதுளைக்கும் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். மூன்று நான்கு லிட்டர் உள்ளே நிற்பதால் தினமும் சுமக்க வேண்டியதில்லை.

தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்தால் முட்டை ஓட்டைத் தேடி ஓடாதீர்கள். ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. இரட்டை வாளிக்கு மாறிய செடிகளில் அடுத்து வந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

இன்னொன்று: நன்கொடை நாற்று என்றால் எல்லாரும் தக்காளியையே தருகிறார்கள். நட்டு 60 முதல் 80 நாள் காத்திருக்கச் சொல்வது இன்றைக்கே காய் வாங்க முடியாத வீட்டுக்கு உதவாது. முதலில் கீரையும் முள்ளங்கியும் கொடுங்கள்; 25 முதல் 30 நாளில் தட்டுக்கு வரும், 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். கீரையை வேரோடு பிடுங்காமல் அடியில் சில கணு விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். மூன்று நான்கு மணி நேர வெயிலே உள்ள வீட்டுக்குக் கீரைதான் சரி. காய்ச் செடிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வாளிக்கும் இடமில்லாவிட்டால், கென்யாவின் நைரோபி நகரத்துக் குடிசைப் பகுதியான கிபேராவில் செய்வதுபோல் சாக்கின் நடுவே கல் தூண் வைத்து, பக்கங்களில் துளையிட்டுக் கீரை நடலாம். தூண் வழியாகத்தான் நீர் அடிவரை இறங்கும்.

ஒரு மாதம் கழிந்ததும் உரத்தின் சத்து நீரோடு வடிந்து குறையும். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம் கொடுங்கள். அறுவடை முடிந்தால் கலவையைக் கொட்டிவிடாமல், பழைய வேரை எடுத்து, நான்கில் ஒரு பங்கு புது மக்கு சேர்த்துக் கிளறுங்கள். வாடல் நோயில் போன செடி இருந்த கலவையில் மட்டும் மீண்டும் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் வேண்டாம்.