மியூராவின் கோடுகள்

காலையிலிருந்து ஒரு கறுப்பு மேலங்கியின் மடிப்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டெழுதும் பேனா, மை, மூன்று மணி நேரம்.

கை வலித்தபோது கென்டாரோ மியூரா வரைந்த 'பெர்செர்க்' என்ற ஜப்பானியப் படக்கதையை (மாங்கா) திறந்தேன். கதைநாயகன் கட்ஸின் கவசத்தில் ஒரு கீறல். அதற்குள்ளும் நிழல், நிழலுக்குள்ளும் மெல்லிய கோடுகள். இரண்டு நொடியில் புரட்டிவிடும் மூலை அது. அங்கேயும் அவர் அவசரப்படவில்லை.

1989-இல் தொடங்கிய கதை. 2021 மே 6 அன்று, 54 வயதில் அவர் இறந்துபோனபோது அது முடிந்திருக்கவில்லை.

முடிவை நண்பர் கோஜி மோரியிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்த நினைவை வைத்து, மோரியின் மேற்பார்வையில், 2022 முதல் மியூராவின் உதவியாளர்கள் வரைகிறார்கள். அவருடைய கோடுகளைக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்!

எனக்கு வரையக் கற்றுத் தந்தவர் மியூராதான். நேரில் பார்த்ததே இல்லை.

அப்புறம் மடிப்பை மறுபடி முதலிலிருந்து வரைந்தேன்.