பூட்டன் வெட்டிய காடு

எங்கள் அப்பத்தா மழை என்று பேச்செடுத்தால் வால்பாறை மழையைத்தான் பேசும். கமுதிப் பக்கம் கண்மாய் வறண்டு கிடக்கிற சித்திரையில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அங்க ஆனி ஆடியில துணியே காயாதுடா, அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான் காயப்போடுவோம்" என்று சொல்லும். அதன் அப்பா, எனக்குப் பூட்டன், பஞ்சம் பிழைக்க, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியின் பின்னால் ஆனைமலை ஏறியவர். தோட்டம் போடக் காடு வெட்டிய கூட்டத்தில் அவரும் ஒரு ஆள். "ஒரு மரத்தை நாலு பேரு ரெண்டு நாளு வெட்டுவாங்களாம். விழுந்தா லைன் வீடு அதிருமாம்." லைன் வீடு என்றால் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடு. அவர் வெட்டியது போக அந்தக் காட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஜூன் மாதம் வால்பாறைக்குப் போனேன்.

பொள்ளாச்சியில் பஸ் ஏறி ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முள்ளும் பாறையுமாக வெயில். 9வது வளைவில் வரையாடு ஒன்று தடுப்புச் சுவரில் நின்று பஸ்ஸை முறைத்தது. அட்டகட்டிக்கு மேலே காற்றில் ஈரம் ஏறி ஜன்னல் கண்ணாடி வேர்த்துவிட்டது. கவர்க்கல் பக்கம் மேகம் விலகியதும் தேயிலை மேடுகள் தெரிந்தன. பஸ்ஸில் பாதிப் பேர் போனை எடுத்தார்கள். "இயற்கைன்னா இதுதாங்க" என்றார் பின் சீட்டில் ஒரு அம்மா. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் இருந்தது ஒரே ஒரு செடி. அதற்கு நிழலாக வரிசையில் நின்ற சில்வர் ஓக்கின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890களில் வெள்ளைக்காரத் துரைமார் வந்து காப்பிக்கும் தேயிலைக்குமாகக் கோடாலி போட ஆரம்பித்து, 1930கள் வரை வெட்டித் தள்ளினார்கள். அதற்கு முன்பு இதில் பெரும்பகுதி மழைக்காடு. அந்தத் துரைமாரில் ஒருவரான கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலை இருக்கிறது. பிறகு அணைகள், மின் திட்டங்கள், ரோடுகள். பறித்த இலையை உலர்த்த ஃபேக்டரிக்கு விறகு வேண்டும் என்று யூகலிப்டஸ் காடுகள். இன்று சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பறம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்க, நடுவில் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் தீவுகள் மாதிரி 40க்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள்.

அப்படி ஒரு துண்டுக்குள் அனுமதி வாங்கி என்னைக் கூட்டிப்போனவர் விதை பொறுக்கும் வேலை செய்யும் ஒரு அண்ணன். "பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்குங்க தம்பி, அட்டை ஏறும்" என்றவர் என் கால் முழுக்க மூக்குப்பொடி தூவினார். அப்படியும் வெளியே வரும்போது ஏழு அட்டை எண்ணினேன்.

தேயிலையிலிருந்து பத்தடி உள்ளே வைத்ததும் வெளிச்சம் குறைந்துவிட்டது. மழை பெய்யும் சத்தம் தலைக்கு மேலே நன்றாகக் கேட்கிறது, சட்டை நனையவில்லை. இலைக்கு இலை தாவி, கிளை வழியே ஒழுகி, தண்டில் ஒட்டிய பாசியை ஊறவைத்துவிட்டுத்தான் தண்ணீர் கீழே வருகிறது. மழை நின்ற பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. காலடியில் சருகு மெத்தை. அண்ணன் குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டினார்: மேலே முழு இலை, அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் அடியில் கறுப்பு மண், அந்த மண்ணுக்குள்ளேயே வெள்ளை நூல் போலச் சல்லி வேர்கள். மழைக்காட்டின் சத்தெல்லாம் பெரும்பாலும் மரத்திலும் இந்த மேல் அடுக்கிலும்தான். இலை விழுந்து மக்குவதும் வேர் அதை உறிஞ்சுவதும் உடனுக்குடன் நடக்கிறது. மரத்தை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். மண்ணில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, சில மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.

வழியில் ஒரு வெடிப்பலா. நாலு பேர் ரெண்டு நாள் வெட்டிய மரம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் கை விரித்துக் கட்டிப்பிடித்தால் கால்வாசிகூடச் சுற்றவில்லை. கீழே பந்து பந்தாக முள்ளுக் காய்கள் வெடித்துக் கிடந்தன. பாதியைச் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், உடைத்து, கொட்டையைத் தின்றுவிட்டுத் தோட்டை எறிந்திருந்தன. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. பூட்டனுக்கு வேறு வழி இருந்ததா என்றால் இல்லை. கம்மாயில் தண்ணீர் இருந்திருந்தால் அவர் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்? ஆனாலும் வெட்டிய கை எங்கள் கைதான்.

துண்டாகிப்போன காடு வெட்டாமல் விட்டாலே பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். ஓரத்தில் நின்று பார்த்தபோதுதான் அது தப்பு என்று புரிந்தது. தேயிலைப் பக்கமிருந்து வெயிலும் காற்றும் நேராக உள்ளே அடிக்கின்றன. ஓரத்து மரங்கள் காய்கின்றன, சாய்கின்றன. விழுந்த இடத்தில் உண்ணிச்செடி புதராக ஏறிக்கொள்கிறது, உள்ளூர் மரக்கன்றுக்கு மூச்சுவிட இடமில்லை. எஸ்டேட்டில் வைத்த ரொபஸ்டா காப்பியின் பழத்தை மரநாய் தின்று காட்டுக்குள் எச்சமிட, பெரிய மரங்களுக்கு அடியில் காப்பிக் கன்றுகள் நாற்றுவிட்ட மாதிரி முளைத்துக் கிடந்தன. இருவாச்சிக்கு நிலைமை இன்னும் மோசம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு கீற்று மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவந்து ஊட்டுவதைத் தின்றுதான் குஞ்சு பொரிக்கும். அவ்வளவு பெரிய பொந்து முதிர்ந்த மரத்தில்தான் அமையும். அந்த மரம் போனால் கூடு இல்லை. இருவாச்சி இல்லாமல் போனால் காட்டு ஜாதிக்காய், வெள்ளகில் போன்றவற்றின் பெரிய விதைகளை விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய்ப் போட ஆளில்லை.

மறுநாள் காலை புதுத்தோட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத சோலைமந்தி இங்கே ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது உண்மை. ஆனால் இது மரத்தைவிட்டுத் தரைக்கு வர விரும்பாத பிராணி. உச்சிக்கிளைகள் தொட்டுக்கொள்ளாத அளவுக்குக் காட்டை அறுத்துவிட்டதால்தான் தார் ரோட்டில் நடக்கிறது, வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். ஒரு தாய் மந்தி வயிற்றில் குட்டியோடு அதில் நடந்து போனது. நடுவில் குழாய் தொய்ந்து ஆடியதும் நின்று, வாலை ஒரு பக்கம் சாய்த்துச் சமாளித்து, மறுபடி நடந்தது. கீழே ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பிஸ்கட்டை நீட்டினார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரோட்டுக்கு வந்தால் தீனி கிடைக்கும் என்று அந்தக் குட்டி கற்றுக்கொண்டால், அது சாவதும் ரோட்டில்தான்.

மதியம் மழையில் இரண்டு ஓடைகளைப் பார்த்தேன். காட்டுத் துண்டிலிருந்து வந்தது, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தெளிவு. அரைக் கிலோமீட்டர் தள்ளி, பழைய தேயிலையைப் பிடுங்கிப்போட்ட சரிவிலிருந்து வந்தது, டீ நிறம். இரண்டும் கடைசியில் அணைக்குத்தான் போகின்றன. நீராறு, சோலையாறு, பறம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று ஒன்றோடொன்று கோத்த பி.ஏ.பி., அதாவது பறம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம் முழுவதும் இந்த மலை மழையை நம்பித்தான். பொள்ளாச்சித் தென்னையும் உடுமலை வயலும் குடிக்கிற தண்ணீர் இது. சோலையாறு அணை நிரம்பி 160 அடியை எட்டினால் கீழே பட்டாசு வெடிக்கத் தோன்றும். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிற சருகு மெத்தையை யாரும் நினைப்பதில்லை.

நாற்றங்காலுக்கும் போனேன். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திவ்யா முடப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் 2000த்தை ஒட்டி இங்கே தொடங்கிய வேலை, சிதைந்த துண்டுகளில் அந்தக் காட்டு மரங்களையே திரும்ப நடுவது. ரோட்டோரம் தாரில் விழுந்து வீணாகிற விதைகளைப் பொறுக்கி வந்து பையில் முளைக்கவைக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் அக்கா, "பயறு மாதிரி டப்பாவுல போட்டு வைக்க முடியாதுங்க. நாலு நாள் காஞ்சா உசுரு போயிரும். எடுத்த சூட்டுல மண்ணுல வைக்கணும்" என்றார். நட்ட இடங்களில் நிழலும் மர இனங்களும் மரங்கள் சேமிக்கும் கார்பனும், சும்மா விட்ட இடங்களைவிட வேகமாகப் பழைய காட்டை நெருங்கி வருவதை அளந்து எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நெருங்கி வருகிறது, அவ்வளவுதான். எட்டிவிடவில்லை. அக்கா என் கையில் ஒரு வெடிப்பலா விதையைக் கொடுத்தார். கண்பக்கம் பார்த்து, விரல் கணு அளவு குழிக்குள் வைத்து மூடினேன். பையில் தேதி எழுதிவிட்டார்.

இந்தக் காட்டுக்குத் துரைமாருக்கு முன்பே சொந்தக்காரர்கள் காடர் பழங்குடிகள். 2019 மழையில் மண் சரிந்து கல்லார் குடியிருப்பு போன பிறகு, பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டு அந்தக் குடும்பங்கள் இரண்டு வருடம் அலைந்து, வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2021இல்தான் பட்டா வாங்கின. தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் அள்ளிக் கொடுத்த மலையில் இவர்களுக்குச் சில சென்ட் கிடைக்க இத்தனை பாடு என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அப்பத்தா பிறந்த எஸ்டேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ். லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன; நான் தேடிய வீட்டை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஒரு வளைவில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்றால் மொபைலிலிருந்தே இதை எரியவைப்பார்கள். 2011இலிருந்து போனுக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. "யாரும் எறங்காதீங்க, வெளக்கு எரியுது" என்றார் கண்டக்டர். டிரைவர் இன்ஜினை அணைத்தார். இலை எடுத்துவிட்டு வந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

தேயிலைச் சரிவில் மூன்று யானைகள், ஒரு குட்டி. செடிக்கு நடுவே ஆள் நடக்கும் ஒற்றையடித் தடத்திலேயே வரிசையாக இறங்கின. ஒரு கொழுந்தைக்கூடத் தொடவில்லை. கீழே ஆற்றோரம் வெட்டாமல் விட்ட மரங்கள் ஒரு நாடா அகலத்துக்கு நின்றன; அங்கேதான் போனார்கள். குட்டியின் வால் உள்ளே மறைகிறவரை டிரைவர் ஹெட்லைட்டைப் போடவில்லை.