டஃபிள் பை தைக்கிறேன்: வாரும் ஜிப்பும் முடிந்தன, வட்டம் பாக்கி

வடிவத்தைப் பார்த்தால் டஃபிள் பை வெறும் உருளைதான். ஒரு செவ்வகம், இரண்டு வட்டம், அவ்வளவே. வட்டத்தின் விட்டம் 28 செ.மீ. என்று வைத்தேன், சுற்றளவு 88 வருகிறது. நீளம் 55. கொள்ளளவு கிட்டத்தட்ட 34 லிட்டர். இதற்கு மேல் பெரிதாகத் தைத்தால், இடம்தான் இருக்கிறதே என்று கண்டதையும் திணித்துவிட்டுத் தூக்க முடியாமல் நிற்போம்.

பழைய ராணுவப் பை மாதிரியே தைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் டஃபெல் என்றோர் ஊர். அந்த ஊர்த் தடித்த கம்பளித் துணியின் பெயர்தான் பைக்கு வந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த பை பருத்திக் கித்தான். வாய் மேலே இருக்கும். விளிம்பில் உலோக வளையங்கள். மடித்து ஒரே கொக்கியில் பூட்டிவிடலாம். முரட்டு உழைப்பு உழைக்கும். என்ன, அடியில் கிடக்கும் காலுறை வேண்டுமென்றால் மொத்தத்தையும் கொட்டியாக வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. படுக்கவைத்து நீளவாக்கில் ஜிப் திறக்கும் விளையாட்டுப் பை வகையே போதும். துணி மட்டும் கித்தான்.

செவ்வகம் தட்டையாக இருக்கும்போதே வாரைத் தைத்துவிட வேண்டும், உருளையாக்கிய பிறகு மெஷினுக்குள் போகாது. கடையில் வாங்கும் மலிவுப் பைகளில் கைப்பிடி மட்டும் மேலே ஒட்டினாற்போல் இருக்கும். முதலில் பிய்வதும் அங்கேதான். அதனால் 4 செ.மீ. நாடாவை ஒரு பக்கக் கைப்பிடியில் தொடங்கி, அடிவழியாக மறுபக்கம் கொண்டுபோய், திரும்பவும் அடிவழியாகவே கொண்டுவந்து ஒரே சுற்றாக இணைத்திருக்கிறேன். பாரத்தை நாடாவே தாங்கும், துணி சும்மா தொட்டிலாக இருந்தால் போதும். கைப்பிடி பிரியும் நான்கு இடங்களிலும் சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையல். 110 எண் ஊசி, பாலியஸ்டர் நூல். நாடா இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் தைத்தேன்.

அப்புறம் ஜிப். நைலான் சுருள் பல் வகை, கொஞ்சம் பெரிய பல்லாக எடுத்தேன். மெல்லிய ஜிப் கித்தானின் இழுப்புக்குத் தாங்காது.

அடியில் அட்டை வைத்தால் பை விறைப்பாக நிற்குமே என்றார் ஒரு நண்பர். நிற்கும்தான். ஆனால் சட்டம் இல்லாததால்தான் படகின் மூலையிலும் கார் டிக்கியில் மிச்சமிருக்கும் சந்திலும் இந்தப் பை நுழைகிறது. காலியானால் சுருட்டி வேறொரு பெட்டிக்குள் போட்டுவிடலாம். அட்டை வேண்டாம்.

இனி வட்டங்கள். 31 செ.மீ. விட்டத்தில் வெட்டி வைத்திருக்கிறேன், சுற்றிலும் ஒன்றரை செ.மீ. தையலுக்கு. வட்டத்தையும் உருளை வாயையும் நான்காகப் பிரித்துக் குறியிட்டு, நேர் விளிம்பில் மட்டும் சிறு வெட்டுகள் கொடுத்தால் துணி சுருங்காமல் வளையும். தோள்வாருக்கான வளையங்களையும் அதே தையலில் செருக வேண்டும். உள்பை வேண்டுமா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஒரு வட்டத்தில் மட்டும் வைக்கலாம் என்றிருக்கிறேன்.